முற்றத்து வெயில்

லிக்கையோன் மலையடிவாரம்,
கோடை பிறந்த மாதம், வளர்பிறை

கொரிந்துத் துறைமுகத்தில் சத்திரம் நடத்தும் என் தம்பி அல்கிமோஸுக்கு அக்கா மெலித்தா எழுதுவது. நீ, ரோதா, வீங்கிப்போன உன் முழங்கால், மூவரும் சௌக்கியமா? இங்கே நான் சௌக்கியம். மழைதான் எங்களை மறந்துவிட்டது. பூசாரி மலைச்சுனையில் ஓக் மரக் கிளையை முக்கிக் கலக்கிப் பார்த்தார். மூடுபனி மட்டும் மலையைப் போர்த்திக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் லாம்பிஸ் உன்னிடம் வருகிறார். இதைக் கொண்டுவரும் உப்பு வியாபாரி கெர்தோனுக்குப் பின்னால்தான் வந்து சேருவார், ஏனென்றால் பெரிய பாதையில் வரவில்லை. ஏன், எதற்கு என்று துருவாதே. மேய்ச்சல் நிலத்தில் ஒரு சின்னத் தகராறு, அவ்வளவுதான். வந்தவனுக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் பேரையே கேட்கவேண்டும் என்பது மேலே இருக்கிற ஜீயஸ் போட்ட சட்டம். நீ சாப்பாடு போட்ட பிறகும் கேட்காதே. உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

உள்ளறையாக ஒன்று கொடு. முற்றத்தைப் பார்த்த அறை வேண்டாம்.

இன்னொன்று. கெர்தோனிடம் வாயால் சொல்லி அனுப்பினால் வழியில் உள்ள ஊர்களெல்லாம் எனக்கு முன்னாலேயே பிள்ளைக்குப் பேர் வைத்துவிடும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு வயிறு தள்ளியிருக்கிறது. ஆமாம், இந்த வயதில்தான். மூன்றைப் புதைத்த பிறகு இது. சிரிக்காதே. அழவும் செய்யாதே, நீ அழுதால் எருமைக்கன்று மாதிரி சத்தம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாயையும்.
மெலித்தா


கொரிந்து,
கோடை நடுமாதம், தேய்பிறை

அக்காவுக்கு அல்கிமோஸ் எழுதுவது. நீ சொன்னபடி சிரிக்கவில்லை. அழுதேன். ரோதா ஓடிவந்து, "யாருங்க செத்தது?" என்றாள். "யாரும் சாகலடி, அக்கா மாசமா இருக்கா" என்றதும் அவளும் உட்கார்ந்து அழுதாள். சத்திரத்தில் தங்கியிருந்த மாலுமிகள் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு ஜாடித் திராட்சை ரசத்தைக் கேட்காமலே எடுத்துக் குடித்துவிட்டார்கள். உன் பிள்ளை பேரைச் சொல்லி அதை விட்டுவிட்டேன்.

அத்தான் வந்து சேர்ந்துவிட்டார். காலெல்லாம் முள். இரண்டு கிண்ணம் வாற்கோதுமைக் கஞ்சியும் ஒரு முழுக் கணவாயும் சாப்பிட்டார். அதுவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்டேன். "உங்கக்கா ஒண்ணும் எழுதலையா?" என்றார். "எழுதல" என்றேன். "அப்ப நானும் ஒண்ணும் சொல்லல மச்சான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நல்ல ஜோடிதான் நீங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அது மற்றவர்களுக்கு. அத்தான் முப்பது வருஷம் இருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும் அக்கா. இந்த மனிதர் பகலில் வெளியே தலைகாட்டுவதே இல்லை. மலையில் ஆட்டுக்குப் பின்னால் நாளெல்லாம் ஓடினவர், இங்கே பொழுது சாய்ந்த பிறகுதான் வாசற்படி தாண்டுகிறார். விறகு பிளந்து தரட்டுமா என்பார், ஆனால் கொட்டகைக்குள் வைத்துத்தான் பிளப்பார். போன வாரம் இடி இடித்தது. சும்மா கடல்மேல், தூரத்தில். மேஜைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டார்! "என்ன அத்தான், ஜீயஸ் உங்க பேரச் சொல்லியா கூப்பிட்டாரு?" என்று கேலி செய்தேன். அவர் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரோதா வழக்கம்போல முற்றத்துக்கு ஒரு பந்தல் போடச் சொல்லி நச்சரிக்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். நான் முடியவே முடியாது என்றுவிட்டேன். முற்றத்து நடுவில் ஜீயஸின் பலிபீடம் இருக்கிறது. அதற்கு மேலே வானம்தான் இருக்கவேண்டும். நான் என்ன சாப்பிடுகிறேன், யாருக்குப் போடுகிறேன் என்று அவர் பார்க்கட்டும். அவர் பார்க்கிறார் என்று எனக்கும் தெரியட்டும். நம் அப்பா ஒரு பாய்கூட விரித்ததில்லை அங்கே.

என்ன நடந்தது என்று எழுது. தூக்கம் வரவில்லை.
உன் அல்கிமோஸ்


லிக்கையோன் மலையடிவாரம்,
அத்திப்பழ மாதம்

தம்பிக்கு. உன் முழங்காலுக்கு வெள்ளாட்டுக் கொழுப்பு அனுப்பியிருக்கிறேன், சூடுபறக்கத் தேய். என் உடம்பு பரவாயில்லை. பிள்ளை உதைக்கிறது. கண்தான் கொஞ்சம் சரியில்லை, வெயில் ஒத்துக்கொள்வதில்லை. விடியுமுன்னே மாவரைத்து, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடுகிறேன். மருத்துவச்சி பியாலோ வந்து போகிறாள். விளக்கும் ஏற்றுவதில்லை. எண்ணெய் மிச்சம்.

தூக்கம் வரவில்லை என்று எழுதினாயே, சரி, சொல்கிறேன்.

மலை உச்சிக்குப் போகிற வழியில் இரண்டு கல் தூண்கள் நிற்குமே, சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாய். அதற்கு அந்தப் பக்கம் ஜீயஸின் இடம். மனுஷ ஜாதி கால் வைக்கக்கூடாது. ஓநாய் துரத்தி ஒரு மான் உள்ளே ஓடினால் ஓநாயே வெளியே நின்றுவிடும். உள்ளே போனவருக்கு நிழல் விழாது. வெளியே வந்தாலும் நிழல் திரும்பி வராது. ஒரு வருஷத்துக்குள் ஆளும் போய்விடுவார். தெரிந்தே போனால் கல்லெறிந்து கொல்லவேண்டும். தெரியாமல் போனால் ஊரைவிட்டு அனுப்பிவிடவேண்டும். எப்படியானாலும் அதற்கப்புறம் அவர் மனுஷர் இல்லை. 'மான்' என்றுதான் சொல்வார்கள். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

பூசாரி சுனையைக் கலக்கிய அன்று, மூடுபனியில் நம் மணிகட்டின ஆடு காணாமல் போனது. அதைத் தேடிப் போன இடத்தில் தூண் எது, மரம் எது என்றே தெரியவில்லை. விறகு வெட்டுகிறவன் ஒருத்தன் பார்த்திருக்கிறான். தூண்களுக்கு அந்தப் பக்கம் உன் அத்தானின் கறுப்பு ஆட்டுமயிர்க் கம்பளி போனது என்று சபையில் சொன்னான். பெரியவர்கள் கேட்டார்கள். உன் அத்தான் எழுந்து, ஜீயஸ் பேரில் சத்தியம் செய்து, "நான்தான் போனேன். தெரியாம போயிட்டேன்" என்றார்.

ஒரே ஒரு தடவை 'மான்' என்று சொன்னார்கள். உடனே எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சொன்ன பிறகு பார்க்கக்கூடாது, அதுதான் வழக்கம். பனியும் இன்னும் விலகியிருக்கவில்லை. அந்த முதுகுகளுக்கு நடுவேதான் அவர் நடந்து போனார்.

இப்போது தெரிந்துவிட்டதல்லவா? அவருக்கு நன்றாகச் சாப்பாடு போடு.
மெலித்தா


கொரிந்து,
திராட்சை அறுவடை மாதம்

அக்கா, நீ நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்குக் கொழுப்பு அனுப்புகிறாய்!

படித்துவிட்டு நேரே பலிபீடத்துக்குப் போனேன். ஆட்டுக்குட்டி ஒன்று கொடுத்தேன். சண்டையும் போட்டேன். "ஏன்யா, ஒரு ஆட்டைத் தேடிப் போனவனைப் பிடிச்சுக்கிட்டீரே, உமக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று சத்தமாகவே கேட்டேன். ரோதா என் வாயைப் பொத்தினாள்.

அத்தானிடம் எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம்னா?" என்றார். "நிழல் விஷயம்தான்" என்றேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். நிம்மதியானது போலக்கூட இருந்தது. பாவம், சாவுக்குப் பழகிவிட்டார் போலிருக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் வெயிலில் வருவதில்லை என்று பக்கத்துச் சத்திரக்காரன் கண்டுபிடித்துவிட்டான். "உன் வீட்ல ஒரு மான் கட்டியிருக்கியாமே, இறைச்சி எப்ப?" என்கிறான். அவன் மூக்கில் குத்தினேன். இரண்டு பேர் அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகட்டும்.

ஒன்று கேட்கவேண்டும். கோபப்படாதே. நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கம்பளியைப் பார்த்தது விறகுவெட்டி. போனேன் என்றது அத்தான். பார்க்காமல் திரும்பிக்கொண்டது ஊர். நீ பார்த்தாயா அக்கா? நிழல் இல்லை என்பதை உன் கண்ணால் பார்த்தாயா? நானும் இதுவரை பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

சீக்கிரம் பதில் போடு. பிரசவத்துக்கு ரோதாவை அனுப்பட்டுமா?
அல்கிமோஸ்


லிக்கையோன் மலையடிவாரம்,
ஒலிவக்காய் உதிர்க்கும் மாதம், அமாவாசைக்குப் பின்

தம்பிக்கு. பதில் தாமதமாகிவிட்டது. ரோதாவை அனுப்பவேண்டாம் என்று கெர்தோனிடம் சொல்லி அனுப்பினேனே, சொன்னானா? பியாலோ இருந்தாள், போதும்.

பெண் பிறந்திருக்கிறாள். உயிரோடு, உரக்கக் கத்திக்கொண்டு. விரல்களெல்லாம் சரியாக இருக்கின்றன. நானே பல தடவை எண்ணிவிட்டேன். பால் குடிக்கும்போது புருவத்தைச் சுருக்குகிறாள், உன்னை மாதிரி.

பிள்ளையை அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிற சடங்கைப் பியாலோதான் செய்தாள். பேர் வைக்கவில்லை. அப்பா இல்லாமல் எப்படி வைப்பது? அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஓடும்போது பியாலோ சுவரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினாள். கண்ணை மூடிக்கொள் என்றாள், மூடிக்கொண்டேன்.

இன்னும் வெளியே கொண்டுபோகவில்லை. பச்சை உடம்பு, குளிர் வேறு. நம் நாய் இப்போதெல்லாம் என்னிடம் வருவதில்லை. எனக்குப் பின்னால் தரையை முகர்ந்து பார்த்துவிட்டு முனகிக்கொண்டு போய்விடுகிறது. நாய்க்கு வயதாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கேள்வியை மறுபடி கேட்காதே. மழை இன்னும் வரவில்லை. விதைத்தது முளைக்கவில்லை. மானை உயிரோடு விட்டதுதான் காரணம் என்று கிழவர்கள் முணுமுணுக்கிறார்கள். உன் அத்தானை அறைக்குள்ளேயே வைத்திரு. யார் கேட்டாலும் வெளியே காட்டாதே. ஜாக்கிரதை தம்பி. இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன், நான் கெஞ்சி நீ பார்த்திருக்கமாட்டாய்.

பெண் பிறந்ததை அவரிடம் சொல். நல்லா இருக்கிறாள் என்று சொல்.
மெலித்தா


கொரிந்து,
குளிர் மாதம், வளர்பிறை

அக்கா! அக்கா! நலமா, கண் எப்படி, ஆடு எப்படி, எல்லாம் அப்புறம். முதலில் உட்கார். பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்.

அத்தானுக்கு நிழல் இருக்கிறது!

வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அனுப்பிய ஆள் ஒருத்தர் கழுதையில் வந்து இறங்கினார். முகம் புளித்த தயிர். "மானைத் திருப்பிக் குடு. தெரிஞ்சேதான் போயிருக்கான், அதான் மழை இல்ல. கல்லடிதான் தீர்ப்பு" என்றார். நான் சொன்னேன், "என் வீட்டு உப்பைத் தின்ன விருந்தாளி அவரு. விருந்தாளியைக் காப்பாத்துன்னு சொன்னதும் ஜீயஸ்தானே?" அவர் சொன்னார், "மானைக் குடுன்னு சொல்றதும் அவர்தான். நாளைக்கு உச்சிப்பொழுதுவரைக்கும் யோசிச்சுக்கோ." ஒரே சாமி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் மனிதன் என்ன செய்வான்? விடியும்வரை வாசலில் கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்த ஆள் வந்து முற்றத்தில் நிற்கும்போதே சமையற்கட்டில் ரோதா காய்ச்சிய எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் புகை. எல்லோரும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தோம். அத்தானும் வேறு வழியில்லாமல் ஓடிவந்தார். நல்ல குளிர்கால வெயில், வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. நான் அவர் காலடியைப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். கறுப்பாக, நீளமாக, பலிபீடத்துக் கல்வரைக்கும் கிடந்தது அக்கா, நிழல்! எல்லோருக்கும் இருப்பதுபோல. அந்தத் தயிர்முகம்கூட வாயைப் பிளந்துவிட்டார்.

அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறார், அழட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சும்மா இருப்பேனா? அங்கேயே நானும் மூன்று விருந்தாளிகளும் பலிபீடத்தின் மேல் கைவைத்து ஜீயஸ் பேரில் சத்தியம் செய்தோம். லாம்பிஸுக்கு நிழல் உண்டு, அவர் தூண்களைத் தாண்டவே இல்லை என்று எழுதி, முத்திரை போட்டு, ஊர்ச்சபையில் எல்லோர் காதிலும் விழப் படிக்கவேண்டும் என்று சொல்லி அந்த ஆளிடமே கொடுத்தேன். அப்போதே கிளம்பிவிட்டார்.

விறகுவெட்டி பார்த்தது வெறும் கம்பளி. பயத்தில் இவரும் தான்தான் போனோம் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். இதற்கா இத்தனை மாதம்!

சாயங்காலம் அத்தானிடம் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கட்டினார், கோலை எடுத்தார், போய்விட்டார். "சாப்ட்டுட்டாவது போங்க" என்று ரோதா கத்தினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கிற அவசரம் யாரை விட்டது? இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்து சேர்ந்துவிடுவார்.

இனி பிள்ளைக்குப் பேர் வையுங்கள். நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது என்று ஒரு தடவையாவது ஒப்புக்கொள்.
உன் அருமைத் தம்பி
அல்கிமோஸ்


லிக்கையோன் மலையடிவாரம்,
பனிக்காலம்

தம்பிக்கு. நீ நலமாக இரு.

உன் சத்தியம் வந்து சேர்ந்தது. நீ கேட்டுக்கொண்டபடியே சபையில் உரக்கப் படித்தார்கள். என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். அழகாக எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார், "லாம்பிஸ் போகலைன்னா, அந்தக் கம்பளிக்குள்ள இருந்தது யாரு?"

எல்லோரும் என் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குளிராக இருந்தது தம்பி, அதனால்தான் அவர் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஆட்டைத் தேடிப் போனேன். பனிக்குள் மணிச்சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடந்தேன். பனி கொஞ்சம் விலகியபோது தூண்கள் எனக்குப் பின்னால் இருந்தன. கீழே பார்த்தேன். ஆட்டுக்கும் நிழல் இல்லை, எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். மூன்றைப் புதைத்தவள், நாலாவதை வயிற்றில் வைத்துக்கொண்டு எந்த ஊர்ப் பாதையில் போய்ப் பெறுவது? வயிற்றில் இருப்பதையும் மான் கணக்கில்தான் சேர்ப்பார்கள். "பெத்துக்கோ. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். என் பழியை ஏற்றுக்கொண்டு ஜீயஸ் பேரிலேயே பொய்ச் சத்தியம் செய்தார். அதனால்தான் இடிக்குப் பயந்தார். தன் நிழலை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் உன் வீட்டில் ஒளிந்திருந்தார்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. அது என் தப்பு.

வெளியே வா என்றார்கள். நல்ல உச்சி வெயில். வந்தேன். எல்லோரும் என் காலடியைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

தெரியாமல் போனவள் என்றால் அனுப்பியிருப்பார்கள். மறைத்தவள் தெரிந்தே போனவள்தான் என்று தீர்ப்பு. பூசாரி மலையிலிருந்து இறங்கி வரவேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறோம். உன் அத்தான் வந்துவிட்டார். போ என்றாலும் போகவில்லை. இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று விளக்கு ஏற்றியிருக்கிறேன், இனி மறைக்க என்ன இருக்கிறது? சுவரில் அவர் நிழல் மட்டும் தெரிகிறது. என் தோளில் சாய்ந்திருக்கிறார், சுவரில் எதன்மேலும் சாயாமல் சாய்ந்திருக்கிறார்.

உன்மேல் கோபமில்லை. பொய். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. நீ அன்பினால்தான் செய்தாய், அடுப்பிலிருந்து குழந்தையை இழுக்கிறேன் என்று கையை முறித்தவன் மாதிரி.

பியாலோ ஓக் கொட்டைக் கூடைக்குள் வைத்துப் பிள்ளையை உன்னிடம் கொண்டுவருகிறாள். இந்தக் கடிதமும் அவளிடம்தான். பெற்ற நாளிலிருந்து நான் பிள்ளையை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. நீ ஒரு தடவை பார்த்துவிடு. உன் முற்றத்தில், உச்சிப்பொழுதில். தூண்களைத் தாண்டி என்னோடு உள்ளே வந்தவள்தானே அவளும். நிழல் இருந்தால் உன் மகளாக வளர்.

இல்லையென்றால் என்ன செய்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பேரில்லாமல், பசியோடு உன் வாசலுக்கு வருகிறாள். சாப்பாடு போட்டுவிட்டு மற்றதை யோசி.

பார்த்ததை எனக்கு எழுதாதே. நீ எழுதினது போதும்டா.
மெலித்தா


கொரிந்து,
கோடை பிறந்த மாதம்

அக்காவுக்குத் தம்பி அல்கிமோஸ் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கெர்தோன் வந்திருந்தான். உன் வீடு பூட்டியிருக்கிறதாம். உங்கள் இருவரையும் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததாம், அதை மட்டும் எல்லோரும் சொன்னார்களாம். வரும் வழியில் மொட்டைப் பாறைமேல் ஒரு பெண்மானும் ஆண்மானும் நடுப்பகலில் நின்றதைப் பார்த்திருக்கிறான். "கீழ பாத்தியா?" என்று கேட்டேன். "பாக்கல." "ஏன்டா பாக்கல?" "பாத்துத்தான் ஆகணுமாங்க?" என்றான். இந்தக் கடிதத்தைத் தூண்களின் அடியில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம்தான் வைப்பான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினதையெல்லாம் கிழித்துப்போட்டேன். நான்தான் உன்னைக் கொன்றேன் அக்கா. பலிபீடத்தின் மேல் கைவைத்துக் கொன்றேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். கூடையைத் திறந்ததும் புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். முதலில் பால். அப்புறம்தான் மற்றது. நீ சொன்னபடி ஒரு நாள் உச்சிப்பொழுதில் அவளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நானும் ரோதாவும் மட்டும். பலிபீடத்துப் பக்கத்தில் கல்மேல் உட்காரவைத்தோம். மேகமில்லை. பார்த்தோம்.

எழுதாதே என்றாய். எழுதவில்லை.

வேறு விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முற்றத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறேன். உடைந்த கப்பலின் பழைய பாய், இரண்டு மடிப்பாக. ரோதாதான் தைத்தாள். பலிபீடத்தைப் பெயர்த்துத் தெருவில் வைத்துவிட்டேன், அவர் பார்க்கவேண்டியதை அங்கிருந்து பார்த்துக்கொள்ளட்டும். பக்கத்துச் சத்திரக்காரன் வந்து, "என்னப்பா, உங்கப்பன் ஒரு பாய்கூட விரிக்கலன்னு பீத்திக்குவியே, இப்ப ஜீயஸுக்கே கதவச் சாத்திட்டியா?" என்றான். "ஆமாம்" என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

போன வாரம் பலத்த இடி. துறைமுகத்தில் ஒரு பாய்மரத்தை மின்னல் இரண்டாகப் பிளந்தது. நான் பந்தக்கால் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று மேலே பார்த்துச் சொன்னேன், மெதுவாகத்தான். குழந்தை இடிச்சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

அந்த மூடுபனி நாள் கழிந்து நேற்றோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நேற்று முழுக்க அவளைக் கீழே விடவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். இன்று காலை எழுந்ததும் என் விரலைக் கடித்தாள். பல் முளைத்திருக்கிறது. பேர் மெலித்தா என்று வைத்திருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதே.

பந்தலில் வடக்கு மூலையில் சின்னதாக ஒரு கிழிசல். காசளவு வெயில் உள்ளே விழுகிறது. குழந்தை அதைப் பிடிக்கத் தவழ்ந்து போகிறாள். நாளை வெயில் ஏறுவதற்குள் தைத்துவிடவேண்டும்.
அல்கிமோஸ்